300 பைட்டுக்குள் ஒளிந்த மியூ: பழைய போக்கிமான் கதைகளில் எது நிஜம், எது புளுகு?

கற்பனை ஜந்துகளைப் பிடித்து வளர்த்துச் சண்டைக்கு விடும் போக்கிமான் தொடரின் முதல் ஜோடி கேம்கள், ரெட், கிரீன் என்ற பெயரில் 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் கடைக்கு வந்தன. அன்று அதை வாங்கி விளையாடிய பிள்ளைகளுக்கு இன்று நாற்பது வயதை ஒட்டியிருக்கும். ஆனால் அந்த கேம்களைப் பற்றிய 'ரகசியங்கள்' மட்டும் தீர்ந்தபாடில்லை. 2024 அக்டோபரில், தன் சர்வருக்குள் வெளியாள் புகுந்து விவரங்களை எடுத்துவிட்டதாக, அவற்றை உருவாக்கிய கேம் ஃப்ரீக் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதன்பிறகு பழைய கதை, புதிய கதை, கட்டுக்கதை எல்லாம் ஒரே குட்டையில் கலந்துவிட்டன.

"டிரக்குக்கு அடியில் மியூ இருக்கிறது." "மிஸ்ஸிங்நோவைப் பார்த்தாலே கேம் அழிந்துவிடும்." "இவாதா தனியாளாக உட்கார்ந்து ஒரு முழு நிலப்பரப்பையே கேசட்டுக்குள் திணித்தார்." மியூ ஒரு போக்கிமான், மிஸ்ஸிங்நோ கேமில் பிழையால் தென்படும் உருவம், இவாதா ஒரு ஜப்பானிய நிரலாளர். இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். முதலாவது சுத்தப் பொய். இரண்டாவதில் துளி உண்மை உண்டு. மூன்றாவது, நடந்த ஒன்றுக்குக் கண் காது மூக்கு வைத்த கதை.

இவற்றைப் பிரித்துப் பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: அந்தச் சங்கதி கேசட்டின் நினைவகத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறது? அந்தக் கேசட்டுகளில் இருக்கும் இயந்திர மொழியை ரசிகர்கள் பல ஆண்டுகளாக வரி வரியாகப் பிரித்துப் படித்துவிட்டார்கள். எனவே 'இருக்கலாம்', 'யாரோ சொன்னார்கள்' என்பதற்கெல்லாம் இங்கே பெரிதாக இடமில்லை. உண்மையில் இடம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயமே. பிழை, வதந்தி, அதிசயம் என்று நாம் கேட்டவற்றில் பெரும்பாலானவை, இடம் போதாமல் செய்த சிக்கனத்திலிருந்து முளைத்தவை.

முதலில் அடிப்படை: கேசட்டுக்குள் என்ன இருக்கிறது?

கேட்ரிஜ் என்பது சரியான பெயர். டிவி கேம் காலத்தில் நம் ஊரில் அதைக் கேசட் என்றுதான் சொன்னோம். இங்கேயும் அப்படியே சொல்லலாம். நான்கு விஷயங்கள் தெரிந்தால் மீதிக் கதை தானாகப் புரியும்.

1. பிட், பைட். பிட் என்பது ஒரு சுவிட்ச். 0 அல்லது 1. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். எட்டு சுவிட்சுகளுக்கும் 1, 2, 4, 8, 16, 32, 64, 128 என்று மதிப்பு. எல்லாவற்றையும் போட்டால் 255. ஆக ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் எழுத முடியும். பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் கடைசி வரை ஓடி மறுபடி சைபருக்கு வருமே, அதுபோல 255-உடன் 1 கூட்டினால் 0. தலைகீழாக, 0-இலிருந்து 1 கழித்தால் 255. இந்தக் கடைசி வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2. படிக்க மட்டுமான நினைவகம். கேமின் படம், இசை, வசனம், விதிகள் எல்லாம் தொழிற்சாலையிலேயே இதில் எழுதப்பட்டுவிடும். பிறகு மாற்ற முடியாது. ஜப்பானிய ரெட், கிரீன் கேசட்டில் இதன் அளவு 512 கிலோபைட். இன்றைய போனில் எடுக்கும் ஒரு போட்டோவே இதைவிடப் பெரிது.

3. வேலை நினைவகம். விளையாடும்போது கணக்குப் போடுகிற சிலேட்டு இது. 1989-இல் வந்த கேம் பாய் என்ற கையடக்கக் கருவியில் 8 கிலோபைட்தான். சிலேட்டு சின்னது என்பதால் ஒன்றை அழித்துவிட்டு அதே இடத்தில் இன்னொன்றை எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

4. சேமிப்பு நினைவகம். விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்காகக் கேசட்டுக்குள் இருக்கும் 32 கிலோபைட். இதற்கு உயிர் கொடுப்பது உள்ளே இருக்கும் ஒரு பொத்தான் பேட்டரி. பேட்டரி செத்தால் சேமித்ததும் போச்சு.

ஆறு வருஷம் எங்கே போனது?

போக்கிமானை உருவாக்கிய சதோஷி தஜிரி, டோக்கியோவை ஒட்டிய மச்சிதாவில் வளர்ந்தவர். சின்ன வயதில் பூச்சி பிடித்துச் சேர்ப்பதில் பைத்தியம். 1983-இல் கேம் ஃப்ரீக் என்ற பெயரில் அவர் நடத்தியது கையால் எழுதிய ஒரு ரசிகர் இதழ். அதற்குப் படம் வரைய வந்தவர்தான் பின்னாளில் போக்கிமான்களை வரைந்த கென் சுகிமோரி. 1989-இல் இதழின் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார்கள்.

இரண்டு கேம் பாய் கருவிகளை இணைக்கும் ஒயர் ஒன்று உண்டு. மற்றவர்கள் அதைப் போட்டி போடத்தான் பயன்படுத்தினார்கள். தஜிரிக்கோ அந்த ஒயர் வழியாகப் பூச்சி ஊர்ந்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதுபோலத் தோன்றியது. சண்டைக்கு இருந்த ஒயரில் பண்டமாற்று நடத்தினால் என்ன? போக்கிமானின் விதை அவ்வளவுதான். ஒரே கேமை இரண்டு நிறத்தில் விற்றதும், ஒன்றில் கிடைக்கும் சில போக்கிமான்கள் மற்றொன்றில் கிடைக்காமல் செய்ததும், ஒயரில் மாற்றினால் மட்டுமே வளர்ச்சியடையும் சில போக்கிமான்களை வைத்ததும் இந்த ஒரே எண்ணத்தின் நீட்சி.

1990 வாக்கில் தொடங்கிய வேலை முடிய ஆறு வருஷம் ஆனது. நடுவில் காசில்லாமல் வேறு கேம்கள் செய்து பிழைத்தார்கள். இசையமைப்பாளரும் நிரலாளருமான ஜுனிச்சி மசுதா பின்னாளில் சொன்ன ஒரு சம்பவம் வயிற்றைக் கலக்கும்: நாலு வருஷ உழைப்பு முழுவதும் இருந்த கணினி ஒருநாள் படுத்துவிட்டது. எங்கெங்கோ விசாரித்து, அந்த இயந்திரத்தைப் பற்றிய ஆங்கிலப் புத்தகங்களைப் படித்து, எப்படியோ தரவை மீட்டிருக்கிறார்கள். மீளாமல் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

குரலிலும் பெயரிலும் சிக்கனம்

151 போக்கிமான்களுக்கும் தனித்தனிக் குரல் பதிய இடமில்லை. அதனால் 38 அடிப்படைச் சத்தங்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் சுருதியையும் நீளத்தையும் மாற்றி மாற்றி எல்லாருக்கும் பங்கு போட்டார்கள். சிலருக்குப் பங்கீட்டில் ஒரே அளவு விழுந்துவிட்டது. நெருப்பு கக்கும் சாரிசார்டும் ஒற்றைக்கொம்பு ரைஹார்னும் முதல் கேம்களில் ஒரே மாதிரி கத்துவது அதனால்தான். அதில் வேறு மர்மம் எதுவும் இல்லை.

பெயருக்கு ஜப்பானிய மொழியில் 5 எழுத்து, ஆங்கிலத்தில் 10 எழுத்து என்று வரம்பு. அதனால்தான் விக்ட்ரிபெல் என்ற பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில், மணியைக் குறிக்கும் சொல்லில் வரவேண்டிய இரண்டு 'எல்' எழுத்துகளில் ஒன்று காணாமல் போனது. அடுத்த தலைமுறையில் வந்த முதலை ஃபெராலிகேட்டருக்கும் கடைசியில் ஓர் உயிரெழுத்து குறையும். எழுத்துப்பிழை என்று பலர் நினைக்கிறார்கள். பதினோராவது எழுத்துக்கு நாற்காலி இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கனம் எனக்கு ரொம்பப் பிடித்தது. முதல் தலைமுறையில் ஒவ்வொரு போக்கிமானின் பதிவிலும், அதைப் பிடிப்பது எவ்வளவு சுலபம் என்று சொல்ல ஒரு பைட் இருந்தது. பிடித்து முடித்த பிறகு அந்த பைட்டுக்கு வேலை இல்லை. 1999-இல் வந்த கோல்ட், சில்வர் கேம்களில் போக்கிமான் கையில் ஒரு பொருளைக் கொடுக்கும் வசதி வந்தபோது, சும்மா கிடந்த அதே பைட்டைப் பொருளின் எண்ணுக்கு எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முந்தைய வருஷம் வந்த யெல்லோ கேமின் பிகாச்சுவை கோல்டுக்கு அனுப்பினால் அது லைட் பால் என்ற பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து இறங்கும். பழைய கேமில் அதன் பிடிபடும் எண்ணாக எழுதியிருந்த 163-ஐ, புதிய கேம் பொருளின் எண்ணாகப் படிக்கிறது.

190 நாற்காலி, 151 பேர்

ஒவ்வொரு போக்கிமானுக்கும் இரண்டு எண்கள் உண்டு. வெளியே தெரிவது, கேமுக்குள் இருக்கும் போக்கிமான் பட்டியலான போக்கிடெக்ஸின் எண். பல்பசோர் 1, மியூ 151. உள்ளே நிரலுக்கு மட்டும் தெரிவது இன்டெக்ஸ் எண். இது உருவாக்கிய வரிசையில் போவதால் தாறுமாறாக இருக்கும். உள்ளே 1-ஆம் எண் ரைடன். சுகிமோரி முதலில் வரைந்தவர்களில் ஒருவர் என்பதால் முதல் நாற்காலி அவருக்கு. பல்பசோருக்கு 153.

உள்ளே போட்ட நாற்காலிகள் மொத்தம் 190. கடைசியில் உட்கார்ந்தவர்கள் 151. மிச்சம் 39 காலி. வரைந்து, பிறகு வேண்டாமென்று கைவிட்ட உருவங்களுக்கான இடங்கள் இவற்றில் உண்டு. ஆளை எழுப்பினாலும் நாற்காலியைத் தூக்க முடியாது. தூக்கினால் பின்னால் இருக்கும் எல்லாருடைய எண்ணும் மாறி, அந்த எண்களை நம்பி எழுதிய நிரல் முழுக்கக் குளறுபடியாகும். எனவே காலி நாற்காலிகளில் எல்லாம் ஒரே அட்டையை ஒட்டிவைத்தார்கள்: 'மிஸ்ஸிங்நோ', அதாவது 'எண் இல்லை'.

சாதாரணமாக விளையாடும் யாரும் அந்த நாற்காலிப் பக்கம் போகவே வழியில்லை. ஆனால் ஒரு கிழவர் வழி காட்டிவிட்டார்.

கிழவரும் கடற்கரையும்

ஆங்கில ரெட், ப்ளூ கேம்கள் 1998 செப்டம்பரில் அமெரிக்காவில் வந்தன. கேமில் வரும் விரிடியன் நகரில் ஒரு கிழவர், வீடில் என்ற புழுவைப் பிடித்துக் காட்டி உங்களுக்குப் பாடம் நடத்துவார். அந்தப் பாடத்தைக் கேட்டுவிட்டு, பறந்து நேராகச் சின்னபார் தீவுக்குப் போய், அதன் கிழக்குக் கரையோரமாக மேலும் கீழும் நீந்தினால் விநோதமான உருவங்கள் வரும். பள்ளிக்கூட வாசலில் ஆயிரம் விளக்கம் சொல்லப்பட்டது. நிஜமாக நடப்பது இது:

1. கிழவர் பாடம் நடத்தும்போது திரையில் அவர் பெயர் தெரிய வேண்டும். பெயர் காட்ட ஒரே ஒரு இடம்தான். அதில் உங்கள் பெயர் இருக்கிறது. எனவே உங்கள் பெயரைத் தற்காலிகமாக வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டு அங்கே கிழவரை உட்கார வைக்கிறார்கள்.

2. நகலெடுக்கத் தேர்ந்த இடம், ஓர் ஊரின் தரைப் பகுதியில் என்னென்ன போக்கிமான் வரும் என்ற பட்டியல் இருக்கும் இடம். போக்கிமான்கள் மறைந்திருக்கும் புல்வெளி விரிடியன் நகருக்குள் இல்லை. அந்தப் பட்டியல் அப்போது சும்மா இருக்கிறது. அடுத்த ஊருக்கு நடந்து போனால் எப்படியும் புதுப் பட்டியல் வந்து அழித்துவிடும். நல்ல யோசனைதான்!

3. ஆனால் பறந்து போனால் நடுவில் எந்தப் புல்வெளியும் குறுக்கிடாது. போய் இறங்கும் கரையிலும் தரைப் பட்டியல் கிடையாது. ஆக உங்கள் பெயர் அழியாமல் அங்கேயே கிடக்கிறது.

4. கரையோரக் கட்டம் பாதி நீர், பாதி நிலம். இங்கே போக்கிமான் வருமா வராதா என்று பார்க்கும்போது நிரல் கட்டத்தின் ஒரு மூலையைப் பார்த்து 'நீர்' என்கிறது. எந்தப் பட்டியலிலிருந்து எடுப்பது என்று பார்க்கும்போது வேறு மூலையைப் பார்த்து 'நிலம்' என்கிறது. கடலில் நீந்துகிறவருக்கு நிலப் பட்டியல் கிடைக்கிறது.

5. அந்தப் பட்டியலில் இருப்பது உங்கள் பெயர். கணினிக்கு எழுத்தும் எண்தான். பெயரின் 2, 4, 6-ஆம் எழுத்துகள் எதிரியின் நிலையாகவும் (லெவல்), 3, 5, 7-ஆம் எழுத்துகள் அதன் இன்டெக்ஸ் எண்ணாகவும் படிக்கப்படுகின்றன.

இந்த கேமில் ஆங்கிலப் பெரிய 'ஏ' எழுத்தின் எண் 128. எனவே அது 2-ஆம் இடத்தில் இருந்தால் 100-ஐத் தாண்டவே கூடாத நிலை 128-ஆக வந்து நிற்கும். 3-ஆம் இடத்தில் இருந்தால் 128-ஆம் நாற்காலியில் இருக்கும் கோல்டக் வரும். 'டி' இருந்தால் மியூடூ. 'ஜி' அல்லது 'ஹெச்' இருந்தால் காலி நாற்காலி, அதாவது மிஸ்ஸிங்நோ. உன் கேமில் வந்தது என் கேமில் வரவில்லையே என்று நண்பர்கள் சண்டை போட்டதற்குக் காரணம் பெயர் வேறு என்பதுதான்.

ஆறாவது பொருள் ஏன் பெருகியது?

மிஸ்ஸிங்நோவைச் சந்தித்துவிட்டு வந்தால், பையில் ஆறாவதாக வைத்திருந்த பொருள் நூற்றுக்கு மேல் பெருகியிருக்கும். போக்கிமானைப் பிடிக்க உதவும், கேமில் ஒன்றே ஒன்றாகக் கிடைக்கும் மாஸ்டர் பால் என்ற பந்தை அங்கே வைத்தால் 129. இதைவிடப் பிரபலமான கேம் பிழை உலகத்திலேயே குறைவு. ஏன் ஆறாவது? ஏன் 128 கூடுகிறது? இரண்டுக்கும் விடை ஒரே கணக்கில் இருக்கிறது.

எந்தெந்தப் போக்கிமானைப் பார்த்திருக்கிறீர்கள் என்பதை ஆளுக்கு ஒரு பிட் வீதம் குறித்துவைக்கிறது கேம். 151 பிட்டுக்கு 19 பைட் போதும். இடத்தை வீணாக்கக் கூடாது என்பதால் அந்த 19 பைட் முடிந்ததும் அடுத்த பைட்டிலேயே உங்கள் பை தொடங்குகிறது. முதல் பைட்டில் மொத்தம் எத்தனை வகைப் பொருள் என்ற எண். பிறகு பொருளின் எண், அதன் அளவு, அடுத்த பொருளின் எண், அதன் அளவு என்று ஜோடி ஜோடியாகப் போகும்.

இப்போது மிஸ்ஸிங்நோ வருகிறது. அதன் போக்கிடெக்ஸ் எண் 0. பார்த்தாயிற்று என்று குறிக்க, நிரல் வழக்கம்போல எண்ணிலிருந்து 1 கழிக்கிறது. பிட்டுகளை 0-இலிருந்து எண்ணுவதால் இந்தக் கழித்தல். 0-இலிருந்து 1 போனால்? ஸ்கூட்டர் மீட்டர் பின்னால் சுற்றி 255. எனவே 255-ஆம் பிட்டைப் போடப் போகிறது. அது 31-ஆம் பைட்டின் கடைசி பிட். பட்டியலோ 0 முதல் 18 வரையான பைட்டுகளோடு முடிந்துவிட்டது. 19-ஆம் பைட் பொருள் வகைகளின் எண்ணிக்கை. 20, 21 முதல் பொருள். 22, 23 இரண்டாவது. இப்படியே போனால் 30, 31 ஆறாவது பொருள். அதில் 31 என்பது அதன் அளவு. ஒரு பைட்டின் கடைசி பிட்டின் மதிப்பு 128. சுவிட்ச் போட்டாயிற்று, 1 இருந்த இடத்தில் 129.

ஏற்கெனவே 128-ஓ அதற்கு மேலோ இருந்தால் அந்த சுவிட்ச் போட்டபடியேதான் இருக்கும். மறுபடி சந்தித்தாலும் ஏறாது. செலவழித்து 128-க்குக் கீழே கொண்டுவந்தால் மறுபடி பலிக்கும்.

அப்படியானால் கேம் அழியும் என்பது?

இங்கேதான் அந்தத் துளி உண்மை. போக்கிமான் படங்கள் இடம் மிச்சப்படுத்தச் சுருக்கி வைக்கப்பட்டவை. காட்டுவதற்கு முன் விரிக்க வேண்டும். பெரிய படம் என்றால் 56-க்கு 56 புள்ளி. விரிக்கும் வேலைக்கு 8 கிலோபைட் சிலேட்டில் இடமில்லாததால், சேமிப்பு நினைவகத்தின் ஒரு மூலையைக் கடன் வாங்குகிறார்கள். அதற்கு அடுத்த வீடு, வென்றவர்களின் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேம்.

மிஸ்ஸிங்நோவுக்குப் படமே கிடையாது. நிரல் ஏதோ ஓர் இடத்திலிருக்கும் சம்பந்தமில்லாத எண்களைப் படம் என்று நம்பி விரிக்கிறது. அளவும் கன்னாபின்னாவென்று வருவதால் 56 புள்ளி எல்லையைத் தாண்டி வழிந்து பக்கத்து வீட்டுக்குள் கொட்டுகிறது. அதனால் ஹால் ஆஃப் ஃபேம் நாசமாகும், படங்கள் சிறிது நேரம் இடவலம் மாறித் தெரியும். நீங்கள் சேமித்த விளையாட்டு இருப்பதோ சேமிப்பு நினைவகத்தின் வேறு பகுதியில். இந்த வழிசல் அங்கே போய்ச் சேராது. கேம் அழிந்துவிடும் என்ற பயம், உள்ளதைவிட நாலு மடங்கு பெரிதாக்கப்பட்டது.

எல்லா மிஸ்ஸிங்நோவும் சிதைந்த கட்டமாகவும் தெரியாது. மூன்று காலி நாற்காலிகளை, கேமில் வேறிடத்தில் காட்டவேண்டிய இரண்டு எலும்புக்கூடுகளுக்கும் ஒரு பேய் உருவத்துக்கும் ஒதுக்கியிருந்தார்கள். அதனால் சில பெயர்க்காரர்களுக்கு எலும்புக்கூடு வரும். பேய் கதைகள் கிளம்ப அது போதாதா?

மியூ: 300 பைட்டில் ஒரு குறும்பு

ரெட், கிரீன் வேலை முடிந்து, சோதனைக்காக வைத்திருந்த நிரல்களை நீக்கியபோது சுமார் 300 பைட் மிச்சமானது. சண்டைப் பகுதியை எழுதிய ஷிகெகி மொரிமோதோ அந்த இடத்தில் மியூவைச் சொருகிவிட்டார். எல்லாப் பரிசோதனையும் முடிந்த கேமில் கைவைப்பது இன்று நினைத்தே பார்க்க முடியாத காரியம் என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

300 பைட் என்றால் எவ்வளவு? இன்று இணையத்தில் எழுதும் முறையில் 'கு' என்ற ஒரு தமிழ் எழுத்துக்கே 6 பைட் ஆகிறது. அந்தக் கணக்கில் இரண்டு மூன்று வாக்கியம் எழுதினால் 300 தீர்ந்துவிடும். அதற்குள் ஒரு போக்கிமான். கேசட்டின் உள்ளமைப்பே இதற்குச் சாட்சி: ஒவ்வொரு போக்கிமானின் அடிப்படை விவரமும் 28 பைட், மற்ற 150 பேருடையதும் ஒரே வரிசையில் அடுக்கப்பட்டிருக்க, மியூவினுடையது மட்டும் தனியாக வேறொரு மூலையில் கிடக்கிறது. கடைசி நேரத்தில் பெட்டியை மூடியபின் பக்கவாட்டில் செருகிய துணி மாதிரி.

கேமை விளையாடி மியூவைப் பெற வழியே வைக்கவில்லை. ஆனால் பிழைகளால் சிலருக்கு அது தட்டுப்பட, பிள்ளைகளிடம் பேச்சு பரவியது. கோரோகோரோ என்ற சிறுவர் இதழ் 1996-இல் 20 பேருக்கு மட்டும் மியூ தருவதாக அறிவித்தது. வந்த விண்ணப்பம் ஏறத்தாழ 78,000. அதுவரை மந்தமாகப் போய்க்கொண்டிருந்த விற்பனை, ஒரு மாதத்துக்கு விற்றது ஒரு வாரத்தில் விற்கும் அளவுக்கு ஏறியதாகத் தொடரின் தயாரிப்பாளர் இஷிஹாரா சொல்லியிருக்கிறார். வெளிவந்தபோது கேம் பாய்க்கே ஏழு வயது, கருவி பழசு என்று பலரும் ஒதுக்கியிருந்த காலம் அது. விளம்பரம் செய்யாத ஒன்றுதான் பெரிய விளம்பரமானது.

2003-இல், எந்த ஏமாற்றுக் கருவியும் இல்லாமல் யாரும் மியூவைப் பிடிக்கும் வழி ஒன்று வெளியே தெரிந்தது. சண்டைக்குக் கூப்பிட வரும் ஒருவர் கண்ணில் படும் அதே நொடியில் பறந்து தப்பித்துவிட்டு, வேறொருவரோடு சண்டையிட்டுத் திரும்பினால், பாதியில் நின்ற சண்டை தொடங்கும். யாரோடு சண்டை என்பது எழுதியிருக்க வேண்டிய இடத்தில், கடைசி எதிரியின் ஸ்பெஷல் என்ற திறனளவு எஞ்சியிருக்கும். 25-ஆம் சாலையில் ஒரு பையனிடம் இருக்கும் ஸ்லோபோக்கின் ஸ்பெஷல் 21. மியூவின் இன்டெக்ஸ் எண்ணும் 21. மியூ 7-ஆம் நிலையில் வந்து நிற்கும். சிலேட்டை அழித்து அழித்து எழுதியதன் இன்னொரு விளைவு.

எல்லாப் பிழைக்கும் இடம் காரணமல்ல

சிலது வெறும் கவனக்குறைவு. மூன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

1. நூற்றுக்கு நூறு குறி தவறாது என்று எழுதிய தாக்குதலும் 256-இல் ஒரு முறை தவறும். துல்லியத்தை 255 என்று வைத்து, குலுக்கி எடுத்த எண் அதைவிடக் 'குறைவா' என்று கேட்டார்கள். 255-ஏ விழுந்தால் குறைவில்லை. 'குறைவா அல்லது சமமா' என்று கேட்டிருக்க வேண்டும்.

2. ஃபோகஸ் எனர்ஜி என்ற உத்தி, பலத்த அடி விழும் வாய்ப்பை நாலு மடங்காக்க வேண்டியது. நாலில் ஒன்றாகக் குறைத்துவிடுகிறது.

3. பேய் வகைத் தாக்குதல், மனோசக்தி கொண்ட சைக்கிக் வகைக்கு எதிராகப் பலிக்கும் என்று கேமுக்குள்ளேயே ஒருவர் சொல்வார். உள்ளே இருக்கும் அட்டவணையில் அதன் விளைவு பூஜ்யம். முதல் தலைமுறையில் சைக்கிக் வகை யாராலும் அசைக்க முடியாமல் திரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இவாதா கதை: எதுவரை உண்மை?

சதோரு இவாதா பின்னாளில், 2002-இல், கேம் பாயைத் தயாரித்த நிண்டெண்டோவின் தலைவரானவர், 2015-இல் காலமானார். போக்கிமான் நாட்களில் அவர் எச்ஏஎல் என்ற வேறொரு கேம் நிறுவனத்தின் தலைவர். அவரைப் பற்றிப் போக்கிமான் ஆட்களே சொன்னவை மூன்று.

1. ரெட், கிரீனின் நிரலைப் படித்து, பிற மொழிக்கு மாற்ற வழி கண்டு சொன்னார். ஜப்பானியக் கேசட்டில் இடுக்கிப்பிடித்து அடைத்ததை ஆங்கிலத்துக்கு மாற்றுவது லேசான வேலையில்லை. ஆங்கிலக் கேசட்டின் அளவை இரட்டிப்பாக்க வேண்டியிருந்தது.

2. நிண்டெண்டோ 64 என்ற கருவிக்கான போக்கிமான் ஸ்டேடியம் கேமுக்காக, விளக்கக் குறிப்பு எதுவும் இல்லாமல் மூல நிரலை மட்டும் பார்த்து, சண்டைப் பகுதியை ஒரு வாரத்தில் இடம் மாற்றினார். அதை முதலில் எழுதிய மொரிமோதோவே வாயைப் பிளந்தாராம். ஒரு நிறுவனத் தலைவர் செய்த வேலை இது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

3. கோல்ட், சில்வருக்காகப் படங்களைச் சுருக்கும் கருவியை எழுதிக் கொடுத்தார்.

இந்த மூன்றாவதுதான் ஊதிப் பெருத்தது. கோல்ட், சில்வரில் கதை முடிந்தபின் முதல் கேமின் கான்டோ பகுதி முழுவதையும் சுற்றலாம். 'இடமே இல்லை என்று கைவிரித்தார்கள். இவாதா சுருக்கிக் கொடுத்ததால் கான்டோ வந்தது' என்று முடிச்சுப் போட்டுவிட்டார்கள். கருவி எழுதியது உண்மை. அதனால்தான் கான்டோ வந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. 1997-இல் ஒரு கண்காட்சியில் காட்டிய கோல்டின் முன்வடிவம் 2018-இல் வெளியே கசிந்தது. அதில் கான்டோ ஒற்றை ஊராகச் சுருங்கியிருந்தது. அதற்கும் 1999-க்கும் நடுவில் வரைபடத்தையே கலைத்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். அது பலர் சேர்ந்து இரண்டு வருஷம் செய்த வேலை. ஒருவரின் ஒருநாள் மந்திரம் அல்ல. நிஜமாகச் செய்த ஒரு வார வேலையே போதுமான அதிசயம் என்பது என் கருத்து.

கடைசியாக, அந்த டிரக்

உள்ளே கிடந்தும் வெளியே வராதவை உண்டு. கேமில் வரும் பேராசிரியர் ஓக்கோடு சண்டை போடலாம் என்ற வதந்தி அப்படிப்பட்டது. விளையாடி அடைய முடியாது என்றாலும், அவருக்கான படை கேசட்டில் முழுசாக இருக்கிறது: 66-ஆம் நிலை டாரோஸில் தொடங்கி 70-ஆம் நிலை கியாரடோஸ் வரை ஐந்து பேர். எடுத்துவிடாமல் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.

டிரக் கதைக்கு அந்த ஆதாரமும் இல்லை. வெர்மிலியன் துறைமுகத்தில் கப்பல் கிளம்பிப் போவதற்குள் சில தந்திரம் செய்து, நீந்தத் தெரிந்த போக்கிமானோடு திரும்பி வந்தால்தான் அந்த டிரக்கையே பார்க்க முடியும். அவ்வளவு பாடுபட வேண்டியிருப்பதால் ஏதோ இருக்கிறது என்று பிள்ளைகள் நம்பினார்கள். ஆனால் கேமில் தள்ளக்கூடிய பாறைகள் தனிப் பொருள்கள். டிரக்கோ தரை, சுவர் மாதிரி வரைபடத்தில் வரைந்த வெறும் ஓவியம். எத்தனை பலசாலி வந்தாலும் ஓவியத்தைத் தள்ள முடியாது. அடியில் எதுவும் எழுதப்படவில்லை.

அந்த வதந்தி கேமை உருவாக்கியவர்கள் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். 2004-இல் வந்த ஃபயர்ரெட், லீஃப்கிரீன் மறுவடிவங்களில் அதே துறைமுகத்தில் டிரக் பக்கம் தேடினால் ஒன்று கிடைக்கும். ஒரு லாவா குக்கி.